ஒன்பதரை யூரோ

செவ்வாய்க்கிழமை என் பழைய கத்தி
கடலோடு போயிற்று.
மூக்கைச் சொறியக் கை மாற்றினேன், அவ்வளவுதான்.
மிதவையின் இரண்டு உத்திரங்களுக்கு நடுவே
ஒரு மினுக்கல்;
பிறகு அரோசா கழியின் பச்சைத் தண்ணீர்
ஒன்றும் தெரியாததுபோல் கிடந்தது.
அறுபது யூரோ. ஆலிவ் மரப் பிடி.
"தொலைத்தால் அழ வேண்டாத கத்தியாகப் பார்த்து வாங்கு, உஷீயா"
என்றான் மறுமுனையிலிருந்து பிரைஸ்.
அவன் அதுவரை மூன்றைத் தொலைத்திருக்கிறான்,
கைபேசியைச் சேர்க்காமல்.

ஒப்துலியாவின் இரும்புக் கடையில்
எலிப்பொறிகளுக்குப் பக்கத்தில்
அட்டையில் குத்தித் தொங்கியது,
தபால்பெட்டிக்கும் ஆரஞ்சுப் பழத்துக்கும்
இடைப்பட்ட ஒரு நிறத்தில்.
கெட்டி பிளாஸ்டிக் உறை. கிழிபடவில்லை.
கத்தியை வெளியே எடுக்க ஒரு கத்தி வேண்டியிருந்தது.
ஒப்துலியா தன்னுடையதைக் கொடுத்தாள்.
அது இதைவிட நன்றாக இருந்தது.
"பிடிக்காவிட்டால் ரசீதோடு கொண்டு வா" என்றாள்,
அதைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு.

வீட்டில், சமையல் மேடையில்,
முதலில் வாசனை:
தையல் மெஷின் எண்ணெயும் புதுச் செருப்பும்.
பிறகு எடை,
பையில் போட்டோமா இல்லையா என்று
தொட்டுத் தொட்டுப் பார்க்க வைக்கிற எடை.
மடக்கினால் அலகு நடுவில் நிற்கவில்லை;
பக்கத்து வீட்டுச் சண்டைக்குக் காது கொடுப்பதுபோல்
இடதுபுறம் சாய்ந்து நின்றது.
திருகாணி மூன்றில் ஒன்றுக்குத்
தொழிற்சாலையிலேயே தலை தேய்ந்துவிட்டது.
துரு ஏறாது என்று அலகில் நாலு மொழியில் எழுதியிருந்தது,
எங்கள் காலீசியத்தைத் தவிர.
உப்புக்கு அதில் எந்த மொழி தெரியும்
என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

திறக்கப் போனேன். நகம் ஒடிந்தது.
இரண்டு கையாலும் பிரித்ததில் டொக் என்றது,
வாடகை வீட்டுக் குளியலறைக் கதவு மாதிரி.
ஆனால் பூட்டு பிடித்தது.
அலகின் முதுகை மேடையில் தட்டிப் பார்த்தேன்,
இன்னும் ஓங்கித் தட்டினேன்,
மடங்கவில்லை.
சரி, இதை எழுதிக்கொள்ளலாம்.

பேரிக்காயை நறுக்கியது, முனகிக்கொண்டு.
முன்கை முடியை மழிக்கவில்லை, வருடிவிட்டது.
காகிதத்தில் பார்ப்போமென்று
கைக்கு அகப்பட்ட தாளை எடுத்து
நாடா நாடாவாக இழுத்தேன்.
முதல் இரண்டு பிசிறு,
மூன்றாவது நேர்,
நாலாவதை விளக்குக்கு எதிரே பிடித்து ரசித்தேன்.
ஐந்தாவது நாடாவில் ஒப்துலியாவின் கையெழுத்து இருந்தது.

ஆக, அது என்னுடையது.

மறுநாள் பாரந்தூக்கி கயிறுகளை ஒவ்வொன்றாக உயர்த்தியது,
ஆள் உயரக் கருஞ்சிப்பிக் கொத்து,
நண்டு, பாசி, வழியும் சேறு.
பிரித்துக் கட்டி மறுபடி இறக்க வேண்டும்.
முதல் கயிற்றில் பருத்தி வலையை
அறுக்கவில்லை, கெஞ்சியது.
நாலாவதில் கேட்க ஆரம்பித்தது.
பதினோராவது கயிற்றுக்குள்
கீலில் என்ன புகுந்ததோ, சேறோ உப்போ,
பெருவிரல் பட்டதும் தானே விரிந்தது.
திறந்தேன், மடக்கினேன்.
வேலை இல்லாதபோதும் திறந்தேன், மடக்கினேன்.
ஒருமுறை மடக்கையில் விரலைக் கடித்தது.

ஆழமில்லை.
சப்பினேன்: உப்பு, எண்ணெய், இரும்பு.
பழைய கத்தி ஆறு வருஷத்தில்
ஒருநாளும் என்னைக் கடித்ததில்லை.
விருந்தாளி மாதிரி மரியாதையாக இருந்துவிட்டுப்
போய்விட்டது.

சாப்பாட்டு வேளையில்
பிடியின் வாலில் ஒரு துளை இருப்பதைக் கண்டேன்.
நைலான் கயிறு ஒரு முழம் கிழித்து
அதில் கோத்து இடுப்புவாரில் கட்டினேன்.
வாயில் ரொட்டியோடு பிரைஸ் பார்த்தான்.
"ஒன்பதரை யூரோவுக்கா?"
"கயிறு சும்மாதானே கிடந்தது" என்றேன்.

இரண்டு முடிச்சு போதும்.
அவன் அந்தப் பக்கம் திரும்பியதும்
மூன்றாவதைப் போட்டேன்.